ஆய்வுக் கட்டுரையில் வாசகர் வழி தவறாமல் இருக்க: கைகாட்டிச் சொற்களை எங்கே, எப்படி வைப்பது

என் முதல் ஆய்வுக் கட்டுரை ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மதிப்பாய்வாளர்கள் இருவர். தரவில் இருவருமே குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: ஆசிரியர் எதை நிறுவப் பார்க்கிறார் என்பது ஏழாம் பக்கத்தில்தான் தெரிகிறது, அதற்குள் வாசகர் கட்டுரையை மூடிவிடுவார். படித்ததும் கோபம் வந்தது. எல்லாம் எழுதித்தானே இருக்கிறது, ஒழுங்காகப் படிக்கவில்லையா என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அதை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்து படித்தபோதுதான் அவர் சொன்னது சரி என்று புரிந்தது. எல்லாம் இருந்தது. எது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று சொல்லும் வாக்கியம் மட்டும் எங்கேயும் இல்லை.

அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. அதில் பாதி நாள், வேலையைத் தவறான வரிசையில் செய்ததால் வீணானது. உங்களுக்கு அது நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கைகாட்டிச் சொற்கள் என்று நான் சொல்வது, படிப்பவர் இப்போது எங்கே நிற்கிறார், அடுத்து எங்கே போகப் போகிறார் என்று காட்டும் சொற்களையும் வாக்கியங்களையும்தான். 'இதற்கு மூன்று காரணங்கள் உண்டு', 'இதற்கு மாறாக', 'பகுதி 2-இல் சொன்ன குறைபாடு இங்கேயும் தலைகாட்டுகிறது' போன்றவை. இது வேறெங்கிருந்தோ வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். நூல் எழுதுவதற்கு நன்னூல் அடுக்கும் 32 உத்திகளில் முதலாவதே 'நுதலிப் புகுதல்', அதாவது சொல்லப்போவதை முன்னால் சொல்லிவிட்டு உள்ளே போவது. அதே பட்டியலில் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்று இரண்டு உண்டு. பின்னால் சொல்வோம் என்பது ஒன்று, முன்னால் சொன்னோம் என்பது மற்றொன்று. இந்த மூன்றையும் சரியாகச் செய்தாலே பாதிக் கட்டுரை தெளிந்துவிடும்.

1. மேசைமேல் இருக்க வேண்டியவை

கணினியைத் திறக்கும் முன் இவற்றை எடுத்து வையுங்கள்.

முதலில், நீங்கள் அனுப்பப்போகும் இதழின் 'ஆசிரியர்களுக்கான குறிப்புகள்'. அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: மொத்தச் சொல் எல்லை, ஆய்வுச் சுருக்கத்தின் எல்லை, பகுதிகளுக்கு எண் இடலாமா, துணைத்தலைப்புகள் எத்தனை அடுக்கு வரை போகலாம். சுருக்கத்தின் எல்லை இதழுக்கு இதழ் மாறும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடைக் கையேடு 250 சொற்களுக்குள் நிறுத்தச் சொல்கிறது. பிளாஸ் ஒன் இதழ் 300 வரை விடுகிறது. பகுதிகளுக்கு எண் இடாத இதழுக்கு 'பகுதி 3-இல்' என்று கட்டுரை முழுக்க எழுதிவிட்டால், கடைசியில் ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு ஒரு முழு நாள் அதிலேயே போனது.

அடுத்து, அதே இதழில் அண்மையில் வந்த மூன்று கட்டுரைகள். உங்களுடையதைப் போன்ற ஆய்வு முறை உள்ளவையாக இருக்கட்டும். அவற்றில் உள்ள கைகாட்டி வாக்கியங்களை மட்டும் ஒரு வண்ணப் பேனாவால் கோடிடுங்கள். உங்கள் துறையில் எவ்வளவு வைப்பது வழக்கம் என்று அரைமணி நேரத்தில் பிடிபடும். பொருளியல் கட்டுரைகளில் முன்னுரையின் முடிவில் 'மற்ற பகுதிகள் இவ்வாறு அமைகின்றன' என்று ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். மருத்துவக் கட்டுரைகளில் அது அநேகமாக இருக்காது. முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசையை வாசகர் மனப்பாடமாக வைத்திருப்பதால் அங்கே அதற்குத் தேவையில்லை.

மூன்றாவது, உங்கள் வரைவின் அச்சுப்படி, ஓரத்தில் நிறைய இடம் விட்டு. திரையில் இந்த வேலை ஓடாது. ஏற்கெனவே திரும்பி வந்த கட்டுரை என்றால் மதிப்பாய்வு அறிக்கையும் பக்கத்தில் இருக்கட்டும். 'புரியவில்லை', 'தெளிவில்லை', 'தொடர்பு என்ன' என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறார்களோ, கைகாட்டி விழுந்து கிடக்கும் இடங்கள் அவைதான்.

கடைசியாக ஒரு துண்டுத்தாள். அதில் உங்கள் கட்டுரை சொல்லும் ஒரே விஷயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். போகும் ஊர் தெரியாமல் கைகாட்டி நட முடியாது.

2. முதலில் வரிசையைச் சரிசெய்யுங்கள்

நான் வழுக்கியது இங்கேதான். திரும்பி வந்த வரைவை எடுத்து, பத்திகளுக்கு நடுவே 'மேலும்', 'இந்நிலையில்', 'முன்பே கூறியதுபோல்' என்று தூவிக்கொண்டே போனேன். மூன்று வாரம் கழித்து என் நெறியாளர் படித்துவிட்டு, 'இப்போது நீளமாகக் குழப்புகிறது' என்றார். பத்திகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதபோது, நடுவே எத்தனை சொல்லைச் செருகினாலும் பயன் கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். அச்சுப்படியின் ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே இரண்டு குறிப்பு எழுதுங்கள். ஒன்று, இந்தப் பத்தி என்ன சொல்கிறது. மற்றொன்று, இந்தப் பத்தி இங்கே என்ன வேலை செய்கிறது: சான்று தருகிறதா, மறுப்புக்குப் பதில் சொல்கிறதா, ஒரு சொல்லை வரையறுக்கிறதா. ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். 6000 சொல் கட்டுரை என்றால் ஏறக்குறைய 40 பத்தி வரும். ஒரு மாலை போதும்.

இப்போது குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். இரண்டு பத்திகளுக்கு ஒரே குறிப்பு வந்தால் சேர்த்துவிடுங்கள். ஒரே பத்திக்கு இரண்டு வேலை வந்தால் பிரித்துவிடுங்கள். 'என்ன வேலை' என்ற இடம் காலியாகவே நிற்கிறது என்றால், எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

வரிசை கெட்டிருக்கிறது என்பதற்கு நம்பகமான அறிகுறி ஒன்று உண்டு. ஒரே பகுதியில் 'முன்பே கூறியதுபோல்' மூன்று முறைக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ஒன்றாக இருக்க வேண்டிய செய்தி இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது என்று பொருள்.

3. முன்னுரை

முன்னுரையில் வாசகருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இந்தத் துறையில் இதுவரை என்ன தெரியும், அதில் எது தெரியாமல் நிற்கிறது, அந்த இடத்தில் இந்தக் கட்டுரை என்ன செய்கிறது. ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990-இல் பல துறைக் கட்டுரைகளின் முன்னுரைகளில் இந்த மூன்று நகர்வுகளையும் பிரித்துக் காட்டினார். கல்விசார் எழுத்தைக் கற்பிப்பவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நகர்வும் தொடங்கும் இடத்தில் ஒரு வாக்கியம் அதை அறிவிக்க வேண்டும். இரண்டாவதற்கு 'ஆனால்' அல்லது 'எனினும்' என்று ஒரு திருப்பம் வேண்டும். மூன்றாவதற்கு 'இக்கட்டுரை' என்ற எழுவாயோடு ஒரு நேர் வாக்கியம் வேண்டும். என் வரைவில் இந்த மூன்றாவது வாக்கியம் முன்னுரையின் நடுவில், ஒரு நீண்ட பத்தியின் நான்காவது வரியில் ஒளிந்திருந்தது. அதைப் பத்தியின் தலைக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்தவற்றில் மிகப் பயனுள்ள ஒரே மாற்றம்.

அடுத்தது, பகுதிகளை அறிமுகப்படுத்தும் பத்தி. உங்கள் இதழில் அது வழக்கம் என்றால் மட்டும் எழுதுங்கள். பெரும்பாலோர் எழுதுவது இப்படித்தான் இருக்கும். (உதாரணத்துக்காக ஒரு கற்பனைக் கட்டுரையை வைத்துக்கொள்வோம்: ஒரே பாடத்தைத் திரையில் படித்தால் ஒரு மாதிரியும் தாளில் படித்தால் வேறு மாதிரியும் புரிகிறதா என்பது அதன் கேள்வி.)

'இரண்டாம் பகுதியில் முன் ஆய்வுகள் மீளாய்வு செய்யப்படுகின்றன. மூன்றாம் பகுதியில் ஆய்வு முறை விளக்கப்படுகிறது. நான்காம் பகுதியில் முடிவுகள் தரப்படுகின்றன. ஐந்தாம் பகுதி முடிவுரையாக அமைகிறது.'

இதில் ஒரு சொல்கூட அந்தக் கட்டுரைக்கு மட்டும் உரியதல்ல. எந்தக் கட்டுரையிலும் ஒட்டலாம். அதனால்தான் எல்லோரும் இதைத் தாண்டிப் போகிறார்கள். இப்படி மாற்றிப் பாருங்கள்:

'முன் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு, அவை வெவ்வேறு நீளமுள்ள பாடங்களைக் கையாண்டதே காரணம் என்பதைப் பகுதி 2 காட்டுகிறது. அதனால் பாடத்தின் நீளத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் நடத்திய சோதனையைப் பகுதி 3 விவரிக்கிறது. குறும்பாடத்தில் வேறுபாடு இல்லை, நெடும்பாடத்தில் உண்டு என்பது பகுதி 4-இல் வரும் முடிவு. இந்த வேறுபாடு ஏன் நெடும்பாடத்தில் மட்டும் தோன்றுகிறது என்பதைப் பகுதி 5 விவாதிக்கிறது.'

சொற்கள் கூடிவிட்டன, உண்மைதான். ஆனால் இதைப் படித்தவர் அதன்பின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தொலையமாட்டார். முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடாதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஆய்வுக் கட்டுரையை யாரும் துப்பறியும் கதையாகப் படிப்பதில்லை. முடிவைத் தெரிந்துகொண்டு, அது தாங்குமா என்று சோதிக்கத்தான் மேலே படிக்கிறார்கள்.

4. பத்தியும் இணைப்புச் சொல்லும்

அதிக நேரம் எடுக்கும் இடம் இது. அதே கற்பனைக் கட்டுரையிலிருந்து, என் பழைய வரைவின் சாயலில் ஒரு பத்தி:

'நேர்காணலில், திரையில் முந்தைய பக்கத்துக்குத் திரும்புவது கடினம் என்று பங்கேற்றோர் கூறினர். மேலும், தாளில் ஒரு செய்தி இருந்த இடம் நினைவில் நின்றதாகச் சிலர் கூறினர். மேலும், மதிப்பெண் வேறுபாடு நெடும்பாடத்தில் மட்டுமே காணப்பட்டது. ஆகவே இது முக்கியமானது என்பது குறிப்பிடத்தக்கது.'

வாக்கியங்கள் ஒவ்வொன்றும் சரி. ஆனால் பத்தி என்ன சொல்ல வருகிறது என்று கடைசி வரை தெரியவில்லை. கடைசியிலும் தெரியவில்லை. திருத்திய வடிவம்:

'நெடும்பாடத்தில் மட்டும் வேறுபாடு தோன்றியதற்கு, படித்த இடத்துக்குத் திரும்பிப் போவதில் உள்ள சிரமம் காரணமாக இருக்கலாம். நேர்காணலில் இதற்கு இரண்டு சான்றுகள் கிடைத்தன. ஒன்று, திரையில் முந்தைய பக்கத்துக்குத் திரும்புவது கடினம் என்று பங்கேற்றோர் கூறினர். மற்றொன்று, தாளில் ஒரு செய்தி பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பதுகூட நினைவில் நின்றதாகச் சிலர் கூறினர். குறும்பாடத்திலோ திரும்பிப் போகும் தேவையே எழுவதில்லை. அதனால் இந்தச் சிரமம் அங்கே மதிப்பெண்ணைத் தொடவில்லை.'

என்ன மாறியது என்று பாருங்கள். கடைசியில் ஒளிந்திருந்த கருத்து முதல் வாக்கியமாக வந்தது. 'இரண்டு சான்றுகள்' என்று எண்ணிக்கையைச் சொன்னதும், அதற்குப் பின் 'ஒன்று', 'மற்றொன்று' என்று எண்ணுவது எளிதாகிவிட்டது. இரண்டு 'மேலும்' போயின. முதல் 'மேலும்' வந்த இடத்தில் உண்மையில் இருந்தது இன்னொரு சான்று. இரண்டாவது வந்த இடத்தில் இருந்தது சான்றே அல்ல, விளக்க வேண்டிய விளைவு. இவ்வளவு வேறுபட்ட இரண்டு உறவுகளையும் 'மேலும்' ஒரே போர்வைக்குள் மூடியிருந்தது.

ஆகவே உங்கள் கோப்பில் 'மேலும்' என்று தேடுங்கள். என் 7000 சொல் கட்டுரையில் 61 இருந்தன. ஒவ்வொன்றிலும் நின்று கேளுங்கள்: அடுத்த வாக்கியம் முந்தையதற்கு என்ன உறவு? காரணமா, விளைவா, எதிர்ப்பா, உதாரணமா, இன்னொரு சான்றா? பதில் கிடைத்ததும் அந்த உறவுக்குரிய சொல்லைப் போடுங்கள். உறவே இல்லை என்றால் அந்த வாக்கியத்துக்கு வேறு பத்திதான் இடம்.

அடிக்கடி மாறிப்போகும் சில சொற்கள்:

'எனவே', 'ஆகவே' இரண்டும் முந்தைய வாக்கியத்திலிருந்து அடுத்தது தானே பிறக்கும்போது மட்டும். பேச்சு வாக்கில் 'சரி, அடுத்ததாக' என்ற பொருளில் ஆகவே போடுவது உண்டு. கட்டுரையில் மதிப்பாய்வாளர் அங்கே நின்று தர்க்கத்தைத் தேடுவார்.

'இதற்கு மாறாக' என்றால் இரண்டு பொருள்களை எதிரெதிரே வைக்கிறீர்கள். வெறும் 'மாறாக' என்றால் முதலில் ஒன்றை மறுத்துவிட்டு, சரியானதைச் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் ஓர் 'அல்ல' அல்லது 'இல்லை' இருக்க வேண்டும்.

'குறிப்பாக' வந்தால், அடுத்து வருவது முன்னதன் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். 'அதாவது' வந்தால், அடுத்து வருவது முன்னதே, வேறு சொற்களில். 'அதாவது' போட்டுவிட்டுப் புதிய செய்தி ஒன்றைச் சொல்லிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

தமிழில் எழுதுவோருக்குத் தனியாக ஒன்று. நம் மொழியில் காரணத்தையும் எதிர்ப்பையும் வினையின் வாலிலேயே ஒட்டிவிடலாம்: செய்ததால், செய்தாலும், செய்தபோதிலும். சின்ன வாக்கியத்தில் இது அழகு. ஆனால் அந்த வினைக்கு முன்னால் இருபது சொல் நின்றால், தான் படித்துக்கொண்டிருப்பது காரணமா, எதிர்ப்பா என்று வாசகருக்குக் கடைசியில்தான் தெரியும். 'போதிலும்' என்று வந்ததும் திரும்பப் போய் முதலிலிருந்து படிக்க வேண்டும். அப்படிப்பட்ட வாக்கியத்தை இரண்டாக உடைத்து, இரண்டாவதன் தலையில் 'ஆனாலும்' அல்லது 'அதனால்' என்று வையுங்கள்.

5. 'இது' எதைச் சுட்டுகிறது?

எழுதும் உங்களுக்கு 'இது' எது என்று எப்போதும் தெரியும். படிப்பவருக்கு முந்தைய வாக்கியத்தில் மூன்று பெயர்ச்சொற்கள் தெரிகின்றன. 'இதனால்', 'இவ்வாறு', 'இந்நிலை', 'மேற்கண்ட' என்று பத்தி தொடங்கும் இடங்களில் எல்லாம் ஒரு பெயரைச் சேருங்கள்: 'இந்த வேறுபாட்டால்', 'இந்த மூன்று குறைபாடுகளும்'. ஒரே சொல் கூடும். சுட்டுவது எது என்ற சந்தேகம் தீரும். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் நிலைப்பாடும் தெரிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். 'இந்தக் கருத்து' வேறு, 'இந்த ஊகம்' வேறு.

முக்கியச் சொல்லை மாற்றிக்கொண்டே போகாதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. பகுதி 2-இல் 'நெடும்பாடம்' என்று பெயர் வைத்துவிட்டு, பகுதி 4-இல் 'நீள் உரைப்பகுதி' என்று எழுதினால் இரண்டும் வேறு வேறு என்றுதான் வாசகர் நினைப்பார். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை இந்த ஒரு இடத்தில் விட்டுவிடுங்கள்.

6. மேலே, கீழே, முந்தைய பக்கத்தில்

'கீழே உள்ள படம்' என்று எழுதாதீர்கள். அச்சுக்கோப்பில் அந்தப் படம் மேலேயோ அடுத்த பக்கத்திலோ போய் உட்காரலாம். 'படம் 3' என்று எண்ணால் சுட்டுங்கள்.

எண்ணைக் கையால் தட்டச்சு செய்யவும் வேண்டாம். வேர்டில் குறுக்குச் சுட்டு செருகும் வசதி இருக்கிறது. தலைப்புகளையும் படத் தலைப்புகளையும் அதற்குரிய பாணிகளில் வைத்திருந்தால், நடுவே ஒரு படத்தைச் சேர்த்ததும் எண்களைப் புதுப்பித்துக்கொள்ளலாம். தானாக மாறிவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்: அனுப்பும் முன் கண்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஃப்9 விசையைத் தட்டினால்தான் எண்கள் புதுப்பிக்கப்படும். சுட்டிய இடத்தை நீங்கள் அழித்திருந்தால் அங்கே தடித்த எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். ஒரு முறை பார்வையை ஓட்டிவிடுங்கள். லேடெக் என்ற ஆவண மென்பொருளில் எழுதுபவர்கள் கோப்பை மென்பொருளில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் சுட்டுகள் இருக்கும் இடத்தில் இரட்டைக் கேள்விக்குறி தெரியும். இரண்டாவதற்குப் பிறகும் அது போகவில்லை என்றால், சுட்டுக்கு நீங்கள் வைத்த பெயரில் எழுத்துப்பிழை.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழ்களுக்கு அனுப்பும்போது, 'எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியதுபோல்' என்ற ஒரு கைகாட்டியே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவரின் கட்டுரை மதிப்பாய்வுக்கே போகாமல் இந்த ஒரு வரிக்காகத் திரும்பி வந்தது. வேறொருவர் எழுதியதைச் சுட்டுவதுபோல எழுதிவிடுங்கள்.

7. எடுத்துவிட வேண்டியவை

இவ்வளவும் செய்த பிறகு கட்டுரை வீங்கியிருக்கும். ஒரு பகுதியின் கடைசி வாக்கியம் 'அடுத்த பகுதியில் முடிவுகளைக் காண்போம்' என்றும், அடுத்த பகுதியின் முதல் வாக்கியம் 'இப்பகுதியில் முடிவுகளைக் காண்போம்' என்றும் இருந்தால் ஒன்றை வெட்டுங்கள். நான் எப்போதும் முந்தையதைத்தான் வெட்டுகிறேன். நேரே ஒரு பகுதிக்குத் தாவி வருபவருக்கு அந்தப் பகுதியின் தலையில் இருப்பதுதான் உதவும்.

'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்பது இங்கு நினைவுகூரத்தக்கது', 'தெள்ளத் தெளிவாகப் புலனாகிறது' ஆகிய மூன்றும் கைகாட்டிபோலத் தோன்றும். எந்தத் திசையையும் காட்டாது. அவற்றை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள், ஒன்றும் குறையாது. நன்னூலே குற்றங்களின் பட்டியலில் 'கூறியது கூறல்', 'மிகைபடக் கூறல்' இரண்டையும் வைத்திருக்கிறது.

எண்ணிக்கை வாக்குறுதிகளையும் இப்போது சரிபாருங்கள். 'மூன்று காரணங்கள்' என்று சொல்லிவிட்டு நான்கு எழுதியிருப்பீர்கள், அல்லது திருத்தும்போது மூன்றாவது காரணம் காணாமல் போயிருக்கும். 'பின்னால் விளக்குவோம்' என்று எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, விளக்கிய பக்க எண்ணை அச்சுப்படியில் குறியுங்கள். எண் கிடைக்காத இடம், நீங்கள் கொடுத்துவிட்டு மறந்த வாக்கு.

8. சோதனை

இரண்டு சோதனை செய்கிறேன். முதலாவது தனியாகச் செய்வது: ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் நகலெடுத்து ஒரு புதிய கோப்பில் அடுக்குங்கள். அது ஒரு சுருக்கம்போலப் படிக்க வர வேண்டும். எங்கே தடுக்கிறதோ அந்தப் பத்தியைத் திரும்பிப் பாருங்கள்.

இரண்டாவதற்கு ஒரு நண்பர் வேண்டும், அதுவும் உங்கள் துறை அல்லாதவர். முதல் மூன்று பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி நிறுத்துங்கள். 'அடுத்து என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். அச்சான கட்டுரையோடு நீங்கள் போய் உட்கார்ந்து விளக்க முடியாது அல்லவா? இருபது நிமிட வேலை. என் இரண்டாவது கட்டுரையில் நண்பர் சொன்ன தவறான பதில் ஒன்று, ஒரு முழுப் பகுதியையே இடம் மாற்ற வைத்தது.

9. எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு

6000 முதல் 8000 சொல் கட்டுரைக்கு, வேறு வேலைகளுக்கு நடுவே செய்தால், இப்போது எனக்கு ஆகும் கணக்கு: ஓரக் குறிப்பும் வரிசையும் இரண்டு மாலை, முன்னுரை ஒரு மாலை, பத்தியும் இணைப்புச் சொல்லும் மூன்று மாலை, சுட்டுகளும் வெட்டுவதும் ஒரு மாலை. அப்புறம் குறைந்தது மூன்று நாள் கட்டுரையைத் தொடாமல் வைத்திருந்துவிட்டுச் சோதனை. ஆக இரண்டு வாரம். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இதைத் தொடங்க வேண்டாம். பாதி வரிசை மாறிய கட்டுரை, மாறாததைவிட மோசம்.

சொற்களிலும் செலவு உண்டு. 6000 சொல்லில் 250 முதல் 300 வரை கைகாட்டிகளுக்குப் போகும். சொல் எல்லை இறுக்கமாக இருந்தால் அந்த இடத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். பக்கக் கணக்கில் கட்டணம் வாங்கும் இதழ்களும் இருக்கின்றன. அனுப்பும் முன் அதையும் குறிப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குத் தனியாகப் பணம் எதுவும் ஆகாது. மொழித் திருத்துநரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களில் பலர் சொல் எண்ணிக்கைக்குத்தான் கட்டணம் வைக்கிறார்கள். வரிசை மாறும் முன் கொடுத்தால் வெட்டப்போகும் பத்திகளுக்கும் பணம் கொடுப்பீர்கள், மாற்றி எழுதியதற்கு இன்னொரு முறை கொடுப்பீர்கள். நான் அப்படி இருமுறை கொடுத்தேன். சோதனை முடிந்த பிறகு கொடுங்கள்.

10. பதில் கடிதமும் அச்சுத் திருத்தப்படியும்

திருத்தக் கேட்டுத் திரும்பி வந்தால், மதிப்பாய்வாளருக்கு எழுதும் பதில் கடிதத்துக்கும் இதே முறைதான். அவருடைய ஒவ்வொரு கருத்தையும் அப்படியே நகலெடுத்து எண் இடுங்கள். அதன் கீழே என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வாக்கியம், பிறகு பக்க எண்ணும் வரி எண்ணும், பிறகு மாற்றிய வாக்கியமே. 'தெளிவுபடுத்தியுள்ளோம்' என்று மட்டும் எழுதினால், எங்கே என்று அவர் கட்டுரை முழுக்கத் தேட வேண்டும். எந்தக் கோப்பின் வரி எண் என்பதையும் கடிதத்தின் தலையில் சொல்லிவிடுங்கள். மாற்றங்களைக் காட்டும் கோப்பிலும் சுத்தமான கோப்பிலும் எண்கள் வேறுபடும்.

ஏற்றுக்கொண்ட பிறகு வரும் அச்சுத் திருத்தப்படிக்குச் சில பதிப்பகங்கள் 48 மணி நேரமே தருகின்றன. அந்த நேரத்தில் முழுக் கட்டுரையையும் ரசித்துப் படிக்க உட்காராதீர்கள். முதலில் 'படம்', 'அட்டவணை', 'பகுதி' என்ற மூன்று சொற்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் எண் சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். என் கட்டுரையில் அட்டவணை ஒன்று பின்னிணைப்புக்குப் போய்விட்டிருந்தது. அதைச் சுட்டிய நான்கு இடங்களில் மூன்றில்தான் எண்ணை மாற்றியிருந்தார்கள். நான்காவதை இந்தத் தேடலில்தான் பிடித்தேன்.